கனடா நாட்டின் நினைவு நாள்கள்

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

நம் பள்ளி நுழைவாயிலில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்காமல் நம்மில் யாரும் வகுப்புக்குச் செல்வதில்லை. இன்று எந்தப் புனிதரின் திருநாள், சிவப்பு மையில் அச்சிட்ட அடுத்த நாள் எப்போது வருகிறது என்று பார்ப்பதில் நமக்கு அவ்வளவு ஆவல்! ஒரு குடும்பத்துக்குப் பிறந்த நாள், திருமண நாள், இறந்தோர் நினைவு நாள் என்று சில நாள்கள் இருப்பதைப் போல ஒரு நாட்டுக்கும் உண்டு. ஒரு வீட்டார் எந்த நாள்களை மறவாமல் கொண்டாடுகிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் மனப்போக்கு நமக்குப் புரிந்துவிடும். நாட்டுக்கும் அப்படித்தான்.

கனடா, பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாடு. நம்மில் சிலருடைய உறவினர்கள் அங்கே வாழ்கிறார்கள். பனியும், மேப்பிள் இலையும், நயாகரா அருவியும் நாம் படங்களில் கண்டவை. ஆனால் அந்நாட்டு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள்களைப் பற்றி நாம் அதிகம் அறிந்ததில்லை. அவற்றுள் சிலவற்றை என் தோழியருக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே நாள், மூன்று நினைவுகள்

முதலில் ஜூலை முதல் நாளை எடுத்துக்கொள்வோம். 1867-ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் ஆகிய நான்கு மாநிலங்கள் ஒன்றிணைந்து 'கனடா டொமினியன்' என்னும் கூட்டாட்சி உருவாயிற்று. நெடுங்காலம் 'டொமினியன் தினம்' என்று அழைக்கப்பட்ட இந்நாள் 1982-ஆம் ஆண்டு முதல் 'கனடா தினம்' என்று பெயர் பெற்றது. அன்று நாடெங்கும் கொடிகளும் வாணவேடிக்கையுமாக ஒரே கோலாகலம்.

ஆனால் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்தில் அன்று காலை கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். ஏன் தெரியுமா? முதல் உலகப் போரின்போது, 1916 ஜூலை முதல் நாள் காலை, பிரான்சிலுள்ள போமான்-ஆமெல் என்னும் இடத்தில் நியூபவுண்ட்லாந்துப் படையினர் ஏறத்தாழ 800 பேர் பகைவரின் பீரங்கிகளை எதிர்த்து முன்னேறினார்கள். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது 'இருக்கிறேன்' என்று குரல் கொடுத்தவர்கள் 68 பேர்தாம். அந்தச் சிறு தீவில் துயரம் நுழையாத ஊரே இல்லை என்னும்படி ஆயிற்று. நியூபவுண்ட்லாந்து 1949-இல்தான் கனடாவுடன் இணைந்தது. அதனால் அம்மக்கள் ஜூலை முதல் நாள் காலையில் மறதிகொள்ளாதே என்று பொருள்படும் பெயருடைய சிறு நீலப் பூவை மார்பில் அணிந்து இறந்தோரை நினைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்; அதன் பிறகே கனடா தினத்தைக் கொண்டாடுகிறார்கள்.

இதே ஜூலை முதல் நாளுக்கு மூன்றாவது நினைவு ஒன்றும் உண்டு. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இரயில் பாதை 1885-இல் முடிந்தது. அதன் மலைப்பகுதியில் பாறைகளை உடைத்துப் பாதை அமைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனத் தொழிலாளர்கள். வேலை முடிந்த அதே ஆண்டிலேயே, இனி வரும் ஒவ்வொரு சீனரும் தலைவரி கட்ட வேண்டுமென்று சட்டம் வந்தது. 50 டாலராகத் தொடங்கிய வரி 1903-இல் 500 டாலராக உயர்ந்தது. பின்னர் 1923 ஜூலை முதல் நாள் முதல் சீனர்களுக்குக் கதவையே அடைத்துவிட்டார்கள். கணவன் அங்கே, மனைவி மக்கள் சீனாவில் என்று எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. நாடு கொண்டாடும் நாளை அங்குள்ள சீனர்கள் 'அவமான நாள்' என்று அழைத்து, கடைகளை அடைத்து வீட்டிலிருந்தார்கள். 1947-இல்தான் அச்சட்டம் நீங்கியது. 2006-ஆம் ஆண்டு கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

மகிழ்ச்சி, துயரம், அவமானம் ஆகிய மூன்றும் நாட்காட்டியின் ஒரே கட்டத்துக்குள் அடங்கியிருப்பதைப் பார்த்தீர்களா? இதைப் படித்தபோதுதான் மற்ற நாள்களையும் அறிந்துகொள்ள வேண்டுமென்ற ஆசை எனக்கு உண்டாயிற்று.

தொழுவத்தில் தொடங்கிய பள்ளி

நம்மைப் போன்ற கன்னியர் மடப் பள்ளி மாணவியர் அறிய வேண்டிய நாள் ஏப்ரல் 30.

பிரான்சு நாட்டின் த்ருவா நகரில் 1620-இல் பிறந்தவர் மார்கரித் பூர்ஷ்வா. அவர் 1653-இல் கடல் கடந்து 'வில்-மரீ' என்னும் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். 'மரியாளின் ஊர்' என்பது இதன் பொருள். 1642-இல் தோன்றிய அந்தச் சிற்றூர்தான் இன்று மாண்ட்ரீல் என்னும் மாநகரமாக விளங்குகிறது. பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்பதற்காகவே அவர் வந்தார். ஆனால் வந்து பார்த்தால் கற்பிப்பதற்குப் பிள்ளைகளே இல்லை! பிறந்த குழந்தைகள் பிழைப்பதே அரிதாயிருந்த காலம் அது. மார்கரித் அம்மையார் மனந்தளரவில்லை. நோயாளிகளைக் கவனித்தார், ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தார், மாதாவுக்கு ஆலயம் எழுப்ப முயன்றார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

1658 ஏப்ரல் 30-ஆம் நாள், ஆளுநர் கொடுத்த ஒரு பழைய கல் தொழுவத்தைச் சுத்தம் செய்து பள்ளியைத் தொடங்கினார். கீழே வகுப்பு, மேலே பரணில் ஆசிரியைகள் தங்குமிடம். நம் ஆண்டவர் பிறந்ததும் தொழுவத்தில்தானே!

அந்நாளில் துறவறப் பெண்கள் மடத்தின் சுவருக்குள்ளேயே வாழ வேண்டும் என்பது வழக்கம். மார்கரித் அம்மையாரோ, தேவமாதா எலிசபெத்தம்மாளைக் காண மலைநாட்டுக்கு நடந்து சென்றதை நினைவூட்டி, தம் சகோதரிகளும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நடந்து செல்ல வேண்டும் என்றார். அடைபட்ட மடமாக மாற்ற ஆயர் விரும்பியபோதும் பணிவோடு, ஆனால் உறுதியோடு, தம் கருத்தை எடுத்துரைத்தார். 1698-இல் அவர் சபையின் ஒழுங்குகள் ஏற்கப்பட்டன. இன்று நம் சகோதரிகள் வகுப்பறைக்கும் கிராமத்துக்கும் மருத்துவமனைக்கும் சென்று வருவது நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. அந்த வழியை அமைக்க முன்னோர் பட்ட பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மார்கரித் அம்மையார் 1700 ஜனவரி 12-இல் இறைவனடி சேர்ந்தார். 1982 அக்டோபர் 31-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார். கனடாவின் முதல் பெண் புனிதர் அவரே.

பெண் ஓர் 'ஆள்' தானா?

தோழியரே, இந்தக் கேள்வியைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இதே கேள்வி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது என்றால் நம்புவீர்களா?

1916-ஆம் ஆண்டு எட்மன்டன் நகரில் எமிலி மர்பி என்னும் அம்மையார் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அவருடைய நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கறிஞர் எழுந்து, 'சட்டப்படி பெண் ஓர் ஆள் அல்ல. ஆகவே உங்கள் தீர்ப்புச் செல்லாது' என்று வாதாடினார். கனடாவின் 1867-ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியுள்ள 'ஆட்களை' மேலவைக்கு நியமிக்கலாம் என்று கூறியது. 'ஆட்கள்' என்றால் ஆண்கள்தாம் என்று அரசு பொருள் கொண்டதால் மேலவையில் பெண்ணுக்கு இடமில்லை.

எமிலி மர்பி, நெல்லி மக்லங், ஐரீன் பார்ல்பி, லூயிஸ் மெக்கின்னி, ஹென்ரியெட்டா மூர் எட்வர்ட்ஸ் ஆகிய ஐந்து பெண்மணிகள் 1927-இல் அரசுக்கு மனுச் செய்தார்கள். 1928 ஏப்ரல் 24-இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்கள் சோர்ந்துவிடாமல் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார்கள். 1929 அக்டோபர் 18-ஆம் நாள் சாங்கி பிரபு தீர்ப்பை வாசித்தார். பெண்ணும் ஓர் ஆளே என்றும், நாட்டின் சட்டம் மண்ணில் நட்ட மரத்தைப் போல வளரக்கூடியது என்றும் அவர் கூறினார். சில மாதங்களில், 1930 பிப்ரவரியில், கெய்ரீன் வில்சன் முதல் பெண் மேலவை உறுப்பினரானார். வழக்காடிய ஐவருள் ஒருவருக்கும் அப்பதவி கிடைக்கவில்லை. 2009-இல், அவர்கள் எல்லாரும் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு, கௌரவ உறுப்பினர்கள் என்ற சிறப்பு அளிக்கப்பட்டது. அக்டோபர் 18 இன்று அங்கு 'ஆட்கள் தினம்' என்று நினைவுகூரப்படுகிறது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஐவருள் சிலர், மனவளர்ச்சி குன்றியோர் பிள்ளை பெறாதபடி தடுக்கும் கொடிய சட்டம் ஒன்றை ஆதரித்தவர்கள். மேலும் 1918-இலேயே நாடாளுமன்றத் தேர்தலில் கனடாப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள் என்று நூல்கள் கூறினாலும், பூர்வகுடிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நிபந்தனையற்ற வாக்குரிமை 1960-இல்தான் கிடைத்தது. ஒரு கதவைத் திறந்தவர்களே மற்றொரு கதவை மூடவும் கூடும் என்பது வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நவம்பர் 14

நமக்கு நவம்பர் 14 என்றால் நேரு மாமாவின் பிறந்த நாள், குழந்தைகள் தினம். அதே நாளில், 1891-ஆம் ஆண்டு, கனடாவின் ஒரு பண்ணை வீட்டில் பிரெடெரிக் பான்டிங் பிறந்தார். அதனால்தான் உலக நீரிழிவு தினமும் நவம்பர் 14-இல் வருகிறது.

அக்காலத்தில் சிறுவர்களுக்கு நீரிழிவு வந்தால் மரணம் உறுதி. உணவை மிகவும் குறைத்து, எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள் உயிரைப் பிடித்து வைத்திருப்பதுதான் மருத்துவர்கள் அறிந்த ஒரே வழி. கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தால் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று பான்டிங் எண்ணினார். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்லியோட் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவர் துணை நின்றார். 1921 கோடைக்காலம் முழுவதும் ஆராய்ச்சி நடந்தது. 1922 ஜனவரி 11-ஆம் நாள், லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியாகப் பலிக்கவில்லை. ஜேம்ஸ் காலிப் என்னும் வேதியியல் அறிஞர் இரவு பகலாக உழைத்து அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23-இல் மீண்டும் ஊசி போட்டபோது இரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. மரணப் படுக்கையில் கிடந்த சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

பான்டிங்குக்கும் மக்லியோடுக்கும் 1923-இல் நோபல் பரிசு கிடைத்தது. பான்டிங் தம் பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியோட் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள். மருந்தின் காப்புரிமையை, அதைப் பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் மட்டும் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். விரும்பியிருந்தால் அவர்கள் கோடீசுவரர்களாகியிருக்கலாம்! காலைக் காப்பிக்கு முன் என் பாட்டி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஒரு டாலர் நினைவுக்கு வருகிறது.

தந்தி அனுப்பிய மனிதர்

1917 டிசம்பர் 6-ஆம் நாள் காலை ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று வெடிமருந்து ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் 'மாண்ட் பிளாங்க்'. மற்றொன்று நார்வேயின் 'இமோ'. மாண்ட் பிளாங்க் தீப்பற்றிக் கரையை நோக்கி மிதந்து வந்தது. அதில் இருப்பது இன்னதென்று அறியாத மக்கள் வீட்டுச் சன்னல்களில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அருகிலிருந்த இரயில் நிலையத்தில் தந்தியாளராகப் பணிபுரிந்த வின்சென்ட் கோல்மனுக்கு அபாயம் தெரியவந்தது. ஓடித் தப்பியிருக்கலாம். ஆனால் பயணிகள் இரயில் ஒன்று நகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிச் சென்று இரயிலை நிறுத்தும்படி தந்தி அடித்தார். சிறிது நேரத்தில் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். 9,000 பேர் காயமடைந்தார்கள். சன்னல் கண்ணாடி தெறித்துப் பார்வை இழந்தோர் பலர். கோல்மனும் இறந்தவர்களில் ஒருவர்.

செய்தி கேட்டதும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் அன்றிரவே மருத்துவர்களையும் மருந்துகளையும் இரயிலில் ஏற்றி அனுப்பியது. அந்த நன்றிக்காக நோவா ஸ்கோஷியா மக்கள் இன்றும் ஆண்டுதோறும் ஒரு பெரிய கிறிஸ்துமஸ் மரத்தைப் பாஸ்டனுக்கு அனுப்பி வருகிறார்கள். நூறாண்டு கடந்தும் நன்றி மறவாத உள்ளம் பாராட்டத்தக்கதல்லவா?

இரண்டு கடற்பயணங்கள்

1914 மே 23-ஆம் நாள் 'கோமகாட்டா மாரு' என்னும் ஜப்பானியக் கப்பல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. அதில் 376 பயணிகள். பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். முஸ்லிம்களும் இந்துக்களும் சிலர் இருந்தனர். எல்லாரும் அப்போதைய பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்களே. ஆனால் பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேராக வந்தவர்களே கனடாவில் இறங்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இந்தியாவிலிருந்து நேராகச் செல்லக் கப்பலே கிடையாது! இந்தியர்களைத் தடுக்கவே அமைத்த விதி அது. ஏற்கெனவே அங்கு வாழ்ந்திருந்த சிலரைத் தவிர மற்றவர்களைத் தரையில் கால் வைக்க விடவில்லை. இரண்டு மாதங்கள் உணவுக்கும் நீருக்கும் தவித்த பின், ஜூலை 23-இல் போர்க்கப்பல் துணையுடன் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29-இல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பஜ்பஜ்ஜில் இறங்கியபோது துப்பாக்கிச் சூடு நடந்து ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். 2016 மே 18-இல் கனடாவின் அன்றைய பிரதமர் இதற்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மற்றொரு பயணம் 1986-ஆம் ஆண்டு. இலங்கையில் 1983-இல் நடந்த கொடுமைகளுக்குப் பின் தமிழர்கள் பல நாடுகளுக்கும் சிதறினார்கள். 1986 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் 155 தமிழர்கள். கஸ் டால்ட்டன் என்னும் மீனவர் அவர்களைக் கண்டார். அவர் யார் எவர் என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. தம் படகில் ஏற்றிக்கொண்டு உதவிக்கு அழைத்தார். மற்ற மீனவர்களும் வந்து சேர்ந்தார்கள். இன்று கனடாவில் தமிழர்கள் பெருந்தொகையினராக வாழ்கிறார்கள். ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்கும் தீர்மானத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டது.

ஒரே நாட்டின் இரு கடற்கரைகள். ஒன்றில் சட்டப் புத்தகம் மனிதரைத் தடுத்தது. மற்றொன்றில் ஒரு மீனவரின் கை மனிதரைத் தூக்கியது.

செப்டம்பர் 30

இறுதியாகச் சொல்ல வேண்டிய நாளை எழுத நான் மிகவும் தயங்கினேன். ஏனெனில் இது நம் திருச்சபையைப் பற்றியது. நம்மைப் போன்ற பள்ளிகளைப் பற்றியது.

கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசு 'உறைவிடப் பள்ளிகள்' என்னும் அமைப்பை 1880-களிலிருந்து நாடெங்கும் பரப்பியது. பணம் அரசுடையது, நடத்தியவை கிறிஸ்தவ சபைகள். அவற்றில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் நம் கத்தோலிக்கத் துறவற சபையினர். 1920-இல் சட்டம் மேலும் கடுமையாகி, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து கட்டாயமாகப் பிரித்துச் செல்ல இடம் கொடுத்தது. 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் தலைமுடி வெட்டப்பட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த உடைகள் பறிக்கப்பட்டன. தாய்மொழியில் பேசினால் தண்டனை. பலர் அடிக்கும் அதைவிடக் கொடிய துன்பங்களுக்கும் ஆளானார்கள். 1907-இலேயே பீட்டர் பிரைஸ் என்னும் அரசு மருத்துவ அதிகாரி, அப்பள்ளிகளில் காசநோயால் பிள்ளைகள் பெருவாரியாக இறப்பதை அறிக்கையாக எழுதினார். அரசு செவிசாய்க்கவில்லை. 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மரணம் இதுவரை பெயர்ப் பட்டியலில் ஏறியிருக்கிறது. கடைசிப் பள்ளிகள் 1990-களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன.

1973-ஆம் ஆண்டு ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு அவள் பாட்டி ஓர் ஆரஞ்சு நிறச் சட்டை வாங்கிக் கொடுத்தார். பள்ளியின் முதல் நாளன்று அதை அணிந்துகொண்டு எவ்வளவு மகிழ்ச்சியாகச் சென்றிருப்பாள்! உள்ளே நுழைந்ததும் அச்சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. வளர்ந்த பின் அவர் இதைச் சொன்னதிலிருந்து, 2013 முதல் செப்டம்பர் 30-இல் மக்கள் ஆரஞ்சுச் சட்டை அணிகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசென்ற பருவம் அது. 2021 முதல் அந்நாள் 'உண்மைக்கும் ஒப்புரவுக்குமான தேசிய நாள்' ஆயிற்று.

இதைப் படித்தபோது எனக்குப் பெரும் குழப்பம். தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கிப் பள்ளி தொடங்கிய புனித மார்கரித்தும் ஆசிரியைதான். சிறுமியின் சட்டையைக் கழற்றியவர்களும் பள்ளி நடத்தியவர்கள்தாம். மாண்ட்ரீலுக்கு அருகில் 1680 ஏப்ரல் 17-இல் 24-ஆம் வயதில் இறந்த பூர்வகுடிக் கன்னி கதேரி தெக்கக்விதாவை, 2012-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. அவளுடைய இனத்துப் பிள்ளைகளின் வாயிலிருந்தே அவர்கள் மொழியைப் பறித்ததும் உண்டு. இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று எங்கள் வகுப்பாசிரியையான சகோதரியிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "உண்மையைச் சொல்லப் பயமென்றால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு எதற்குப் போகிறோம், பிள்ளாய்? எழுது, ஆனால் சரியாக எழுது" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு வழி புலப்பட்டது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம்: பாவங்களை நினைத்துப் பார்த்தல், மனத்துயர் கொள்ளுதல், இனிச் செய்வதில்லை என்று உறுதி பூணுதல், அறிக்கையிடுதல், அபராதத்தைத் தீர்த்தல். இப்போது அந்த அருட்சாதனத்தை 'ஒப்புரவு' என்றே அழைக்கிறோம். கனடா மக்களும் அதே சொல்லைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உண்மை, ஒப்புரவு ஆணையம் 6,500-க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு 2015-இல் தன் பணியை முடித்தது. இதுவே நினைத்துப் பார்த்தலும் அறிக்கையிடுதலும். 2008 ஜூன் 11-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2022 ஜூலை 25-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மஸ்குவாசிஸ் என்னும் இடத்துக்கு நேரில் சென்று, திருச்சபையின் பிள்ளைகள் பலர் இழைத்த தீமைக்காக மன்னிப்பு வேண்டினார். நடக்க முடியாத நிலையிலும் சக்கர நாற்காலியில் சென்றார். ஆணையம் எழுதி வைத்த 94 பரிந்துரைகள்தாம் அபராதம். அவற்றில் பல இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே ஒப்புரவு இன்னும் முடியவில்லை.

நானும் ஒன்றை அறிக்கையிட வேண்டும். இவ்வாண்டு ஆறாம் வகுப்பில் மலைக்கிராமத்திலிருந்து விடுதிக்கு வந்த சிறுமி ஒருத்தி, தண்ணீர் கேட்டபோது அவள் பேச்சைக் கேட்டுப் பெரிய வகுப்பு மாணவியர் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதற்குப் பின் அவள் எங்களிடம் சைகையால்தான் எதையும் கேட்டாள். கனடாவைப் பற்றிப் படித்த பிறகு ஒருநாள் மாலை அவளருகே உட்கார்ந்து, அவர்கள் ஊரில் தண்ணீருக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். முதலில் தயங்கினாள். பிறகு சொன்னாள். இப்போது அவளிடமிருந்து பத்துச் சொற்களுக்கு மேல் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

முடிவுரை

நினைவு நாள்கள் வாணவேடிக்கைக்கு மட்டும் உரியன அல்ல. நன்றி சொல்ல வேண்டிய நாள்கள் உண்டு; தலை குனிய வேண்டிய நாள்கள் உண்டு. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துக்கொள்ளும் துணிவு ஒரு நாட்டுக்கு இருந்தால் அது வளரும். ஒரு பள்ளிக்கும், ஒரு மாணவிக்கும் அப்படியே.

நாளைக் காலை பள்ளி நாட்காட்டியைப் பார்க்கும்போது, தோழியரே, விடுமுறை நாளைத் தேடும் முன் ஒரு நொடி நில்லுங்கள். அந்தச் சிறு கட்டங்களுக்குள் யார் யாரோ காத்திருக்கிறார்கள்: தொழுவத்தில் விளக்கேற்றிய ஓர் ஆசிரியை, திரும்பி ஓடித் தந்தி அடித்த ஒரு மனிதர், பனிமூட்டத்தில் கை நீட்டிய ஒரு மீனவர், ஆரஞ்சுச் சட்டை அணிந்த ஒரு சிறுமி. அவர்களை மறவாதிருப்போமாக!